இருநூற்றுத் தொண்ணூறாவது கையெழுத்து

டோலோரஸ் கஷூபா அம்மாளைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் மூன்றே வகை: ஓடுகிற பிள்ளை, பராக்குப் பார்க்கிற பிள்ளை, கையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. பாதிரியாரும் சரி, வங்கி மேனேஜரும் சரி, இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துதான் ஆகவேண்டும். நிலக்கரி தீர்ந்தும் ஊர் தீராத எங்கள் பென்சில்வேனியா ஊரில், மூன்றாம் தெரு முனையில், முப்பத்தோரு வருஷம் சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து வண்டிகளை நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளை அக்கரை சேர்த்தவர் அவர். நானும் அந்தக் கைக்குக் கீழே நடந்து போனவன்தான். நான் எந்த வகை என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அம்மாள் ஒரு காரியத்தில் இறங்கினார். சாலைக் காவலர்களுக்காக ஒரு நினைவு நாணயம் அடிக்கச் சட்டம் கொண்டுவர வேண்டும். வெள்ளியில் ஒரு டாலர். ஒரு பக்கம் உயர்த்திய கை, மறுபக்கம் எண்கோணப் பலகை. விற்கிற ஒவ்வொரு நாணயத்திலும் ஒரு பங்கு, வேலையில் அடிபட்டு இறந்த காவலர்களின் குடும்பங்களுக்கு.

"நாணயத்துல ஏறணும்னு ஜனாதிபதி, கழுகு, போர்க்கப்பல் எல்லாம் க்யூவுல நிக்குது. நீ எங்க போயி நடுவுல நுழையப்போற?" என்றார் கணவர் லியோ, தொலைக்காட்சியில் உருளும் பௌலிங் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். லியோ பராக்குப் பார்க்கிற வகை.

"நான் நுழைய மாட்டேன். எல்லாரையும் நிறுத்திட்டு நிதானமா தாண்டுவேன்" என்றார் அம்மாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பெர்னீஸ் ஹுடாக். நான்காம் தெரு முனைக் காவலர். பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டவர்கள். ஒரு நவம்பர் காலையில் பெர்னீஸை ஒரு வேன் அடித்தது. பேப்பரில் அவள் சாவுக்கு மூன்று வரி. பக்கத்திலேயே பழைய டயர் விற்பனைக்குப் பன்னிரண்டு வரி. அந்தப் பேப்பரை அம்மாள் எட்டாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார். அவருக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். டயருக்கு இருக்கிற மதிப்பு பெர்னீஸுக்கு இல்லையா?

எங்கள் தொகுதி உறுப்பினர் மசோதாவைச் சபையில் வைத்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், மறந்தார். அதன்பிறகுதான் அம்மாளுக்கு விஷயமே புரிந்தது. வருஷத்துக்கு இரண்டே இரண்டு நினைவு நாணயங்களுக்குத்தான் சட்டத்தில் இடம். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பதுபோல் போட்டி. மசோதாவைக் குழு தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாலே, நானூற்று முப்பத்தைந்து உறுப்பினர்களில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் கூடக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதுவும் இரண்டு வருஷத்துக்குள். அப்புறம் புதுச் சபை வந்துவிடும். பழைய கையெழுத்தெல்லாம் பூஜ்யம், திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தேனீக்கு நாணயம் கேட்டவர்களும் பழைய கால்வாய்க்கு நாணயம் கேட்டவர்களும் இதற்கென்றே கோட்டு சூட்டுப் போட்ட ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அம்மாளிடம் இருந்தது வாஷிங்டன் போகிற காலை ஐந்து மணி பஸ், பளபளக்கும் மஞ்சள் பச்சைச் சட்டை, ஒரு தகர டப்பா நிறைய வால்நட் சுருள் ரொட்டி.

முதல் நாளே உறுப்பினர்களின் அலுவலகக் கட்டட வாசலில் தகராறு. அம்மாள் கூடவே கொண்டுபோன சிவப்புப் பலகையை உள்ளே விட மாட்டேன் என்றார் காவலாளி.

"குச்சி வெச்ச பலகை எதுவும் கூடாதும்மா. ஆர்ப்பாட்டம் பண்றவங்க கொண்டு வர்றது."

"இது ஆர்ப்பாட்டம் பண்ற பலகை இல்ல கண்ணு. ஆர்ப்பாட்டத்த அடக்குற பலகை."

"எதுவா இருந்தாலும் குச்சி குச்சிதான்."

"சரி, வெச்சுக்கோ. கை கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இல்லை. கையோடு உள்ளே போனார். மணியடித்ததும் வாக்களிக்க ஓடுகிற உறுப்பினர்களைத் தாழ்வாரத்தின் நடுவில் நின்று கையைத் தூக்கி நிறுத்தினார். நாட்டின் படைகளுக்குப் பணம் ஒதுக்குகிற மனிதர்கள், ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றார்கள். அந்தக் கையில் அப்படி ஒரு வித்தை. நின்ற இடத்திலேயே பேனாவை நீட்டிவிடுவார்.

ரொட்டிக்கும் சட்டம் குறுக்கே வந்தது. ஓர் அலுவலகத்தில் உதவியாளர் ஒருவர் டப்பாவைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ, தட்டுல வைக்காதீங்க! உக்காந்து முள்கரண்டியால சாப்பிட்டா அது விருந்து, வாங்கிக்கக் கூடாது. நின்னுக்கிட்டுக் கையால ரெண்டு துண்டு எடுத்தா தப்பில்ல."

"எங்க வீட்டுல லியோ எப்பவும் நின்னுக்கிட்டுதான் தின்பாரு. அவர் இவ்வளவு யோக்கியமான ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அம்மாள். அன்றிலிருந்து ரொட்டியைச் சின்னச் சின்னதாய் நறுக்கிக் கொண்டுபோனார். அலுவலகம் அலுவலகமாக எல்லோரும் எழுந்து நின்று தின்றார்கள்.

இரண்டு வருஷத்தில் அம்மாளுக்குச் செருப்பு மூன்று ஜோடி தேய்ந்தது. டிசம்பர் நடுவில் எண்ணிக்கை இருநூற்று எண்பத்தொன்பது. சபையின் கடைசி நாளும் வந்தது. பனி பெய்யப்போகிறது என்று பாதிப் பேர் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் கையெழுத்துப் போடாதவர் என்று பார்த்தால் ஒரே ஆள்தான். வார்னர் டில்பெக்.

ஒக்லஹோமாவின் கோதுமைப் பக்கத்துக்காரர். ஆறேகால் அடி உயரம். ஓடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் தலைவன். பதினாலு வருஷமாக எந்த நாணய மசோதாவிலும் கையெழுத்துப் போடாதவர். அம்மாள் அவர் அலுவலகத்துக்கு இருபத்திரண்டு தடவை போயிருந்தார். அவருடைய ஆட்கள் ரொட்டியை நின்று தின்பார்கள், இவர் பின்கதவு வழியாக நழுவிவிடுவார். ஒருதடவை அகப்பட்டபோது சொன்ன பதில் இது:

"அம்மா, நாணயம்னா கடையில குடுத்து ரொட்டி வாங்கணும். கண்ணாடிப் பெட்டியில வெச்சு அழகு பாக்க எனக்குப் பேத்தி போட்டோ இருக்கு."

அன்று அந்தப் பின்கதவிலேயே போய் நின்றுகொண்டார் அம்மாள். டில்பெக் கோட்டை மாட்டியபடி வெளியே வந்து, அவரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"இன்னிக்குமா?"

"இன்னியோட சரி."

வழக்கமாகச் சொல்கிற பேச்சு ஒன்று அம்மாளிடம் இருந்தது. எத்தனை ஆயிரம் காவலர்கள், எத்தனை லட்சம் பிள்ளைகள் என்று. அன்று அது வாயில் வரவில்லை. எட்டாக மடித்த பேப்பரும் வெளியே வரவில்லை. இருநூற்று எண்பத்தொன்பது பேரிடமும் சொல்லாத ஒன்றுதான் வந்தது.

"பெர்னீஸ் செத்தப்ப ரோட்டுல ஒரு பிள்ளையும் இல்ல சார். மணி ஆறே முக்கால். அவ பலகைய எதிர் முனையில வெச்சிருந்தா, எடுக்கப் போனா. காலி ரோடு. காலி ரோடுன்னா எவன் நிப்பான்? இறங்கிட்டா. வளைவுலேர்ந்து வேன் வந்துருச்சு. பத்தொம்பது வருஷம் பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னாளோ, அத அவ ஒருதடவ கேக்கல. அன்னிக்கு மத்தியானம் அவ சாப்பாட்டு டப்பாவ எங்கிட்டதான் குடுத்தாங்க. முட்டை சாண்ட்விச். எனக்குன்னு பாதி வெட்டித் தனியா சுத்தி வெச்சிருந்தா."

டில்பெக் கொஞ்ச நேரம் கோட்டுப் பித்தானையே திருகிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். வேற என்ன பண்றது?"

"குடுங்க பேப்பரை" என்றார் அவர். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இருநூற்றுத் தொண்ணூறு.

போட்டால் மட்டும் போதாது. சபை கலைவதற்குள் அந்தக் காகிதம் சபைக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், கடைசி நாள் வழக்கப்படி ஆட்சேபம் இல்லாத மசோதாக்களோடு இதையும் ஓட்டெடுப்பில்லாமலே நிறைவேற்றிவிடலாம். டில்பெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடடா, இன்னும் அஞ்சு நிமிஷம்கூட இல்லையே! சுரங்கப் பாதையில போனா பத்திரிகைக்காரங்க பிடிச்சுக்குவாங்க. வாங்க, மேலாலயே போயிடலாம்."

அவர் நடக்க, அம்மாள் ஓட, இருவரும் சாலைக்கு வந்தார்கள். கடைசி ஓட்டெடுப்பு எப்போதோ முடிந்திருந்ததால் வழக்கமாக வண்டிகளை நிறுத்தும் போலீஸ்காரர்கூட இல்லை. எதிரே படிகள், படிக்கு மேலே சபை. விளக்கு சிவப்பு. சாலையில் ஈ காக்கை இல்லை. டில்பெக் ஒரு காலைக் கீழே வைத்தார்.

"நில்லு!"

இரண்டு வருஷமாக 'சார்' என்றவர் 'நில்லு' என்றார். கை நேராக அவர் மார்பில் போய் நின்றது. ஆறேகால் அடி மனிதர் காலை மேலே எடுத்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணுமே வரலையே!"

"சிவப்பு."

"உங்க மசோதா அம்மா! எனக்கென்ன, உங்களுதுதான்!"

"தெரியும். நில்லு."

அவருக்குத் தெரியாதா என்ன? கையை எடுத்துவிடு, எடுத்துவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தக் கை மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பழகிய கை, சிவப்புக்கு இறங்காது. வாஷிங்டனிலேயே நீளமான சிவப்பு விளக்கு அன்று அதுதான் என்று பிற்பாடு டில்பெக் சொல்வார். அவ்வளவு நேரத்திலும் ஒரு கார் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. ஒரு புறா மட்டும் சாவகாசமாகச் சாலையை நடந்தே கடந்தது.

பச்சை விழுந்ததும் டில்பெக் பாய்ந்தார். அம்மாள் படிக்குக் கீழே நின்றார். மேலே போன வேகத்திலேயே அவர் திரும்பி வரவில்லை. மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். காகிதம் கையிலேயே இருந்தது.

"கதவைத் தொறக்குறேன், சபை கலைஞ்சதுன்னு சுத்தியல் தட்டுற சத்தம் கேக்குது" என்றார். "அரை நிமிஷம் அம்மா. வெறும் அரை நிமிஷம்."

அம்மாள் தலையை ஆட்டினார்.

"ஒரு வண்டியும் வரலையே அம்மா."

"பெர்னீஸும் அப்படித்தான் நெனச்சா கண்ணு" என்றார் அம்மாள். டில்பெக் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, கோட்டு உள்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் நான்கரை மணி நேரமும் அம்மாள் அழுதார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணள்ளிப் போட்டுக்கொண்ட அழுகை. பஸ் நிலையத்தில் லியோ காத்திருந்தார், தப்பான கோட்டைப் போட்டுக்கொண்டு.

"எத்தனை?"

"இருநூத்து எண்பத்தொம்பது."

நடந்ததைக் காரில் சொன்னார். லியோவுக்குக் கிண்டல் செய்ய வாழ்நாளில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அந்த மனிதர் கார் ஹீட்டரை அம்மாள் பக்கம் திருப்பிவிட்டார். மறுநாள் காலையில் சொல்லாமலே கடைக்குப் போய் ஐந்து கிலோ வால்நட் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கு?"

"பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்னா நெறைய வேணாமா?" என்று சொல்லிவிட்டுப் பௌலிங் பார்க்கப் போனார்.

ஜனவரியில் புதுச் சபை கூடிய வாரம், அம்மாள் அதே காலை பஸ்ஸைப் பிடித்தார். புதுச் செருப்பு, அதே பளபளச் சட்டை, டப்பா. இந்த வயதில் இன்னொரு இரண்டு வருஷமா, முழங்கால் தாங்குமா என்று வழியெல்லாம் யோசனை. டில்பெக் தன்னைப் பார்த்தால் இனி பின்கதவில்லை, ஜன்னல் வழியாகவே குதிப்பார் என்றும் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சாலைக்கு வந்தபோது விளக்கு சிவப்பு. வண்டிகள் ஏதும் இல்லை. அலுவலகங்கள் இருந்த எதிர்ப்பக்க நடைபாதையின் விளிம்பில் உயரமாக ஒருவர் நின்றிருந்தார். சபையில் மணி அடித்துக்கொண்டிருந்தது, வாக்களிக்க நேரமாகிறது. இருந்தும் நின்றிருந்தார். அவருடைய நீண்ட கை பக்கவாட்டில் நீண்டிருக்க, அந்தக் கைக்குப் பின்னால் நான்கு உறுப்பினர்கள் ஏன் என்று விளங்காத முகத்தோடு நின்றார்கள்.

"டில்பெக், ரோடு காலியாத்தானேப்பா கிடக்கு!" என்று ஒருவர் கத்துவது இந்தப் பக்கம் கேட்டது.

"சிவப்பு" என்றார் டில்பெக்.

அப்போதுதான் அவர் மஞ்சள் பச்சைச் சட்டையைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பாகி, வாயில் கையைக் குவித்துக் கூவினார்.

"கஷூபா அம்மா! புதுப் பேப்பர் கொண்டு வந்திருக்கீங்களா? இங்க அஞ்சு பேர் இருக்கோம்!"

அம்மாள் பிள்ளைகளை எண்ணுகிற பழக்கத்தில் விரலை நீட்டி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். ஐந்துதான். இன்னும் இருநூற்று எண்பத்தைந்து. பர்ஸிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, மறுகையை உயரத் தூக்கினார்.

"அங்கயே நில்லுங்க! பச்சை விழட்டும், நான் வரேன்!"