எல்லாப் புத்தகங்களும் திரும்பி வந்த வாரம்

மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில் ஒரு படிப்பகம் இருந்தது. வாடகையும் புத்தகங்களும் நாளிதழும் மலைக்குக் கீழே, சமவெளியில் இருந்த அறக்கட்டளை ஒன்றின் செலவு. தொண்ணூறுகளின் கடைசியில், செய்தி சேகரிக்க மலையேறும்போதெல்லாம் அங்கேதான் உட்கார்ந்து எழுதுவேன். நாற்காலிகள் பெரும்பாலும் காலி. அலமாரிகளும் காலி.

புத்தகங்கள் மலைக்குள் தள்ளியிருந்த பெரக்கரை நாட்டு ஊர்களில் இருந்தன. படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட பெண் அந்தப் பக்கத்துக்காரர், மிளகு விளைவிக்கும் குடும்பம். சந்தைக்கு வருகிறவர்களிடம் புத்தகங்களைக் கொடுத்தனுப்புவார். மிளகு உதிர்க்கும் களத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கைவேலையோடு கேட்பார்கள். கதை முடிந்ததும் நாளிதழில் வந்த மிளகு விலையும் படிக்கப்படும். விலை தெரிய ஆரம்பித்த பிறகுதான் அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தையில் இவர்கள் பேரம் பேசத் தொடங்கினார்கள்.

செலவைத் தொடர்வதா என்று முடிவு செய்ய அறக்கட்டளை அலுவலர் வருவதாகத் தகவல் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரே பயம்: புத்தகம் குறைந்தால் மலைக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்பார்கள். ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். ஒரே வாரத்தில் அத்தனையும் வந்து சேர்ந்தன. கறை துடைத்து, புது அட்டை போட்டு அடுக்கினார்கள். கொண்டுவந்தவர்கள், அதிகாரி வரும் இடத்தில் நாம் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று கீழே உரக்கடை வாசலில் நின்றுகொண்டார்கள்.

அலுவலர் நிறைந்த அலமாரியைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணுகூட வெளிய போகலியா?"

"ஒண்ணுகூடக் கொறையலீங்க சார். நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க." அவர் குரலில் பெருமை.

நான் குறுக்கிட்டு, படிக்கிறவர்கள் கீழே நிற்கிறார்கள் என்றேன்.

"உரம் வாங்க வந்தவங்கன்னு நெனச்சேன். பத்திரிகைக்காரங்க நல்லாத்தான் கதை சொல்றீங்க."

இறங்கும்போது முதலில் நின்ற பெரியவரிடமே கேட்டார்: "என்னய்யா, புத்தகம் படிப்பியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. கேட்டமுங்க. அத்தனையும் கேட்டமுங்க."

அலுவலர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த மாதம் புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுபோனார்கள். மாடியிலும் உர மூட்டை ஏறியது. நான் எழுதிய செய்தி நான்கு வரியாகச் சுருங்கி உள்பக்கத்தில் வந்தது. செம்மேட்டு டீக்கடையில் நாளிதழ் கிடந்தது உண்மைதான். ஆனால் பெண்கள் அங்கே போய் உட்கார முடியாது. அதைப் பெரக்கரை நாடு வரை கொண்டுபோகவும் யாரும் இல்லை.

மறு பருவத்தில் அந்தப் பெண்ணைப் பேளுக்குறிச்சியில் பார்த்தேன். முன்பெல்லாம் விலையை அவர்தான் முதலில் சொல்வார்.

"ஏனுங்க, இன்னிக்கு என்ன வெலைங்க?" என்று வியாபாரியிடம் கேட்டார்.

அவன் மூட்டையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு விலை சொன்னான். அவர் மிளகைத் தராசில் தூக்கி வைத்தார்.