கடைசிப் பக்கத்தைக் கிழித்த மகராசன்

நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ‘முத்திரையக்கா’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தேதி முத்திரையை அவள் குத்தினால் மாடியில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். வாயும் அப்படித்தான். புத்தகத்தில் எண்ணெய்க்கறையைப் பார்த்துவிட்டால் போதும், “படிச்சீங்களா, இல்ல தாளிச்சீங்களா?” என்று கேட்டுவிடுவாள். முதுகு பிய்ந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசை தடவி ஒட்டியும் வருவாள். யாரும் சொன்ன வேலை இல்லை, அவளுக்கு மனசு கேட்காது.

அப்படிப்பட்டவள் தலையில் நூலகத்தின் வலைப்பூவைக் கட்டினார் தலைமை நூலகர். ஊர் மக்கள் நூலகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டுமாம். அவளும் அலுவலகத் தமிழைப் பிடித்து இழுத்துவந்து எழுதினாள்: ‘நூலகம் நாளை வழக்கம்போல் இயங்கும் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’ ஒரு மாதத்தில் அதைத் திறந்து பார்த்தது ஒன்பது தடவை. அதில் ஏழு தடவை அவளே.

“இந்த மாசக் கடைசிக்குள்ள நாலு பேராவது படிக்கணும்மா. இல்லேன்னா பிளாக்கை மூடிடலாம். நீங்க கீழே ஸ்டோர் ரூமைப் பார்த்துக்குங்க,” என்றார் தலைமை நூலகர்.

ஸ்டோர் ரூமில் பழைய நாளிதழ்க் கட்டுகள் உண்டு, ஒரு மின்விசிறி உண்டு, மனுஷ வாடை கிடையாது. பேச ஆளில்லாமல் அவளை அங்கே உட்காரவைப்பதும் மீனைத் தரையில் போடுவதும் ஒன்றுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கென்று பார்த்து, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் துப்பறியும் நாவலோடு வந்து நின்றார். “முந்நூறு பக்கம் மூச்சுவிடாம படிச்சேன். கொலைகாரன் யாருன்னு சொல்ற கடைசிப் பக்கத்தைக் காணோம்! நான் சோறு திங்கிறதா, வேணாமா?”

வேறு பிரதியும் இல்லை. வந்த ஆத்திரத்தை அவள் அப்படியே வலைப்பூவில் கொட்டினாள்: ‘கடைசிப் பக்கத்தைக் கிழித்த மகராசனே, நீ நல்லா இருப்பே! நூலக வாசல்ல நின்னு அதை எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டாம உன்னை விடப்போறதில்லை. அதுவரைக்கும் நீங்கள்லாம் சொல்லுங்க: பூட்டின பங்களா, செத்துப்போன வைர வியாபாரி, தோட்டக்காரன், மருமகள், டாக்டர். கொன்னது யாரு?’

சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்கள். தோட்டக்காரன்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். மருமகளை ஏன் இழுக்கிறீர்கள் என்று நாலு மருமகள்கள் சண்டைக்கு வந்தார்கள். “டாக்டர்னா உடனே கொலைகாரனா?” என்று பொங்கினார் பல் டாக்டர். நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட நாவலை நேரில் பார்க்க வந்தார்கள், வந்ததற்கு இரண்டு புத்தகம் எடுத்துப் போனார்கள். முத்திரைக்கு ஓய்வில்லை. தலைமை நூலகர் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மாதம் முடிய இரண்டே நாள். அவள் கணவர் தையற்காரர், வீட்டு முன்னறைதான் கடை. காலையில் வேலைக்குக் கிளம்பியவள், தைத்து மடித்திருந்த ஒரு கால்சட்டையில் குத்தியிருந்த அளவுச் சீட்டைப் பார்த்தாள். அதன் மறுபக்கம் அச்செழுத்து. ‘முற்றும்’ என்று வேறு போட்டிருந்தது.

“ஏங்க! இது எங்கேருந்து வந்துச்சு?”

“நீ ஒட்டக் கொண்டுவந்தியே ஒரு புத்தகம், அதுல பாதி பிய்ஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. பின்னாடி வெள்ளையா இருந்துச்சா... அளவு எழுதக் கிழிச்சுக்கிட்டேன்.”

“அடப்பாவி மனுஷா! ஊரைக் கூட்டி நான் திட்டினது உங்களைத்தானா?”

சத்தமில்லாமல் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, நூலகப் புத்தகம் கிழிந்தது நூலகக்காரி வீட்டிலேயே என்று ஊர் சிரிக்கும், ஸ்டோர் ரூம் நிச்சயம். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் இதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். ஆனால் ஒரு எண்ணெய்க்கறைக்கு ஊரையே வாங்கு வாங்கென்று வாங்கியவள் இதை எப்படி விழுங்குவாள்? வலைப்பூவில் எழுதிவிட்டாள்: ‘மகராசன் கிடைச்சிட்டார். என் வீட்டுக்காரர்தான். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது நான், அதனால பாதித் தப்பு என்னுது. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாசல்ல படிப்பார், வாங்க.’

மறுநாள் வாசலில் நிற்க இடமில்லை. ரயில் டிரைவர் எல்லாருக்கும் முன்னால் நின்றார். தலைமை நூலகர் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று நின்றார். தையற்காரர் ஒரே மூச்சில் படித்தார். கொலைகாரன் டாக்டர். பல் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

‘முற்றும்’ என்பதோடு மனுஷன் விட்டிருக்கலாம். பதற்றத்தில் தாளைத் திருப்பி அதையும் படித்துவிட்டார்: “நூலக சார். உயரம் முப்பத்தொன்பது. இடுப்பு நாற்பத்துநாலு. தொப்பைக்குக் கூட ரெண்டு விடணும்.”

கூட்டம் மொத்தமும் திரும்பித் தலைமை நூலகரின் தொப்பையைப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று முத்திரையக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் கேட்டது தலைமை நூலகரின் சிரிப்புதான். அப்புறம் வாசலே சிரித்தது.

“ஸ்டோர் ரூமுக்கு வேற ஆளைப் பார்க்கிறேன்மா,” என்றார் கண்ணைத் துடைத்தபடி. “நீங்க இங்கேயே உட்கார்ந்து எழுதுங்க. என் இடுப்பை மட்டும் பிளாக்ல போட்டுடாதீங்க.”

“அதுக்கென்ன சார், இனிமே போட்டா என்ன, போடாட்டி என்ன? ஊரே கேட்டாச்சு,” என்றாள் அவள்.

அதற்குள் ரயில் டிரைவர் அடுத்த நாவலை நீட்டினார். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, டமாலென்று முத்திரையைக் குத்தினாள்.