உயிரோடிருந்தவருக்கு வந்த அனுதாபங்கள்

பங்குச்சபைக் கூட்டத்தில் நான் கையை உயர்த்தி, "கோயிலுக்கு ஒரு பேஸ்புக் பக்கம் வேணும், பாதர்" என்று சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் பைலா ஆடலாமா என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்கமாட்டார்கள்.

"ரீச்சர், உதுக்குள்ளை கண்ட கண்ட படமெல்லாம் வரும்" என்றார் பொருளாளர். அவர் தன் கைப்பேசியில் எந்நேரமும் என்ன பார்க்கிறார் என்பதை அவருடைய மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை அங்கே சொல்ல முடியுமா? கோயில் மண்டபம் அல்லவா.

என் வாதம் எளிமையானது. பூசை முடிவில் பாதர் வாசிக்கும் அறிவித்தல்கள் பிரசங்கத்தைவிட நீளம். பிரசங்கத்தில் தூங்கியவர்கள் அறிவித்தல் தொடங்கியதும் எழும்பி வெளியே போய்விடுவார்கள். பிறகு திங்கட்கிழமை என் வீட்டுப் படலையில் வந்து நின்று, "முதல்நன்மை வகுப்பு எத்தினை மணிக்காம், ரீச்சர்?" என்று கேட்பார்கள். கடலுக்குப் போகிறவனும் ரொறன்ரோவில் பனி தள்ளுகிறவனும் ஒரே நேரத்தில் கோயில் வாங்கில் வந்து இருக்க முடியாது. ஆனால் இரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது. ஆண்டவர் வலையோடு நின்றவர்களைக் கரைக்கே தேடிப்போய்க் கூப்பிட்டாரா, இல்லை மண்டபத்தில் கூட்டம் வைத்துக் கூப்பிட்டாரா என்று கேட்டேன். பாதர் சிரித்துவிட்டார். "சரி, அப்ப நீங்களே நடத்துங்கோ" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். நல்ல யோசனை சொன்னவளுக்கு எங்கள் பங்கில் கிடைக்கும் தண்டனை அதுதான்.

தொடங்கினேன். பாதரின் பிரசங்கத்தைச் சுருக்கிப் போட்டேன். பாதரின் அம்மாவும் நானும் லைக் போட்டோம். மறைக்கல்விப் பிள்ளைகள் வரைந்த படங்களைப் போட்டேன். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் படத்துக்கு மட்டும் லைக் போட்டாள். பிறகு பங்கில் ஒரு மரணம். படத்துக்குக் கறுப்புக் கரை கட்டி, அடக்க நேரத்தையும் சேர்த்துப் போட்டேன். ஐயோ, என்ன வரவேற்பு! லண்டன், பாரிஸ், ரொறன்ரோ எல்லாம் திரண்டு வந்து அழுதன. அதற்குப் பிறகு சனம் எனக்கு மரணச் செய்தியைத் தவிர வேறொன்றும் அனுப்பவில்லை. பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கரைதான். எனக்கு வந்ததே கோபம்! நான் கேட்டது பேஸ்புக் பக்கம், இவர்கள் அதைப் பிணம் புதைக்கிற சேமக்காலை ஆக்கிவிட்டார்கள்.

இனி உயிரோடிருப்பவர்களையும் கொஞ்சம் கவனிப்போம் என்று முடிவெடுத்தேன். முதல் ஆள், ஓகன் மாஸ்ரர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கோயிலில் ஓகன் இசைப்பெட்டி வாசிப்பவர். நல்ல மனிதர், மூக்கு நுனியில் கோபம்.

அந்தக் கோபத்தின் கதையைச் சொல்லவேண்டும். மாஸ்ரரின் தம்பிதான் பாடகர் குழாமில் முன்னுக்கு நின்று பாடியவர். ஒரு திருநாளன்று அவர் புதுக் கீபோட் ஒன்றைக் கொண்டுவந்து, காணிக்கைப் பாட்டுக்கு அதில் இருந்த தாளத்தையும் தட்டிவிட்டார். சனம் கைதட்டியது. மாஸ்ரர் ஓகன் மூடியைப் படாரென்று மூடிவிட்டு, பூசை நடுவிலேயே எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. தம்பி காங்கேசன்துறைப் பக்கம் மனைவியின் ஊரோடு போய்விட்டார். யாராவது விசாரித்தால், "எந்தத் தம்பி?" என்பார் மாஸ்ரர். ஆனால் குழாமில் தம்பி நின்ற இடத்தில் வேறொருவரை நிற்க விட்டதில்லை. மாஸ்ரரின் மனைவி இவர்கள் இரண்டு பேரும் கதைக்கவேண்டும் என்று எல்லாப் புனிதருக்கும் மெழுகுதிரி கொளுத்திக் களைத்துப்போனார்.

பீடத்துக்குப் பக்கத்தில் மாஸ்ரரை நிறுத்திப் படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, பின்னால் பூச்சாடி, மெழுகுதிரி. கீழே, "இத்தனை காலம் எங்கள் ஆலயத்தில் இறைவனை இசையால் புகழ்ந்த மாஸ்ரருக்கு நன்றி" என்று எழுதி, விடியற்காலையில் பதிவிட்டுவிட்டு மீன் வாங்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் படத்துக்குக் கீழே வரிசையாக வந்து கிடந்தன. "ஆழ்ந்த அனுதாபங்கள்." "இறைவனில் இளைப்பாறுங்கள், மாஸ்ரர்." அழுகிற முகங்கள், கூப்பிய கைகள். "அடக்கம் எப்ப?" என்று சுவிஸிலிருந்து ஒருவர். எங்கள் பக்கத்தில் ஒருவரின் படம் வந்தால் அவர் செத்துவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எழுத்தை ஏன் வாசிக்கவேண்டும்?

மீனை அப்படியே போட்டுவிட்டு மாஸ்ரர் வீட்டுக்கு ஓடினேன். மாஸ்ரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தூரப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்ரர், இப்பவே அழிச்சு விடுறன்!"

"அவசரப்படாதையும் பிள்ளை. நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை" என்றார். முகம் முழுக்கச் சந்தோசம். பிறகு ஓரிடத்தில் நின்று முகம் சுளித்தார். "உவன் ஆர், எனக்குத் தாளம் கொஞ்சம் பிசகுமாம் எண்டு எழுதியிருக்கிறான்?"

அப்போது படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாஸ்ரரின் தம்பி. அழுது வீங்கிய முகம், தோளில் ஒரு மலர்வளையம். மாஸ்ரரைக் கண்டதும் சிலைபோல நின்றுவிட்டார். "உதை உள்ளுக்கை கொண்டு வராதையும்!" என்று மாஸ்ரரின் மனைவி கத்தினார்.

மாஸ்ரர் எழும்பிப்போய், வளையத்தில் ஒட்டியிருந்த பட்டியை எழுத்துக்கூட்டி வாசித்தார். "உயிரோடை இருக்கேக்கை ஒரு போன் எடுக்காதவன், செத்த உடனை பூ வாங்கியிருக்கிறான் பாருங்கோ."

தம்பி என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், உங்களுக்கு விசரே? காலமை எழும்பி நான் உங்கடை பக்கத்தை ஏன் பாக்கிறன் எண்டு நினைக்கிறியள்? பிரசங்கம் வாசிக்கவே? அண்ணையின்ரை படம் வந்திட்டுதோ எண்டு பாக்கத்தான். வரேல்லை எண்டு கண்டாப் பிறகுதான் நான் தேத்தண்ணியே வாயிலை வைப்பன். ஒவ்வொரு நாளும்!" வளையத்தை மோட்டார் சைக்கிளில் சாத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்:

"இஞ்சரும், இவன் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. போடும். சீனி போடாதையும், அவனுக்குப் போன வருசம் சலரோகம் எண்டு சொன்னவை."