தொண்ணூறு விநாடி

ஆவுடையார்கோவிலில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு, எதைக் கேட்டாலும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ போட்டு ஆரம்பித்துவிடுவேன். என் விவாகரத்து மனுவைக்கூட வக்கீல் சொல்லச் சொல்ல நானேதான் அடித்தேன். அதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

கணவர் பிரிந்து போய் நான்கு வருடம் ஆகிறது. திருச்சியில் இருப்பதாகக் கேள்வி. போகும்போது வண்டியை எடுத்துக்கொண்டார், அவர் வாங்கிய மிக்ஸியையும் எடுத்துக்கொண்டார். கணினியை மட்டும் தொடவில்லை, என் சோறு அதில் இருக்கிறதென்று விட்டுவிட்டார்.

அந்தக் கணினிக்குள் இரண்டு இயங்குதளம், இரண்டு குடித்தனம். விண்டோஸ் என்னுடையது, லினக்ஸ் அவருடையது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் நான்கு வரிகள் வரும். முதல் வரி அவர், மூன்றாவது வரி நான். நடுவில் இருப்பது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டுத் தட்டி என் வரிக்கு வரவேண்டும். அப்போதெல்லாம் தட்டாமல் விட்டால், பத்து விநாடி எண்ணிவிட்டு அவருடையது தானாகத் திறந்துகொள்ளும்.

கல்யாணமான புதிதில் இதற்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம். காலையில் பொத்தானைப் போட்டுவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போவேன். திரும்பி வந்தால் அவர் வீடு திறந்து கிடக்கும். மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, அதற்குள் வாசலில் ஆள் வந்துவிடும்.

“மொத வரி ஒங்களுக்குத்தான் வேணுமா?” என்று கத்துவேன்.

“ரெண்டு தட்டு தட்டுறதுக்கு ஒனக்குக் கை வலிக்குதா?” என்பார்.

ஒருநாள் பேச்சு முற்றி, இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தோம். மறுநாள் பாலை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், அடியில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தைத் தொண்ணூறு ஆக்கியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வரியை மேலே ஏற்றியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் மனசு வரவில்லை. எங்கள் குடும்பம் மொத்தமும் இப்படித்தான் நடந்தது.

அவர் போன பிறகும் தினம் காலையில் அந்த இரண்டு தட்டுத் தட்டினேன். அவரைத் தாண்டிப் போவதில் ஒரு திருப்தி இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன சித்திரையில் கரண்டு போய்ப் போய் வந்தது. யூபிஎஸ்ஸின் பாட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு வந்ததும் கணினியைப் போட்டேன். தேதியும் நேரமும் சரியில்லை, மேலே போக ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் வந்தது. அழுத்தினேன். நான்கு வரிகள் வரவில்லை. எண் வரவில்லை. நேராக விண்டோஸ் திறந்துவிட்டது. அம்புக்குறியைத் தட்டப்போன விரல் அப்படியே நின்றது. மூலையில் தேதியைப் பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணமே ஆகாத ஒரு வருடத்தின் ஜனவரி ஒன்று.

அறந்தாங்கியில் கணினி பழுது பார்க்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். எனக்குப் பல வருடப் பழக்கம்.

“மெனு வரலைன்னா நல்லதுதானங்கக்கா. நேரா ஒங்க பக்கமே போயிருதுல்ல?”

“எனக்கு அது வேணும்.”

“அந்த இன்னொண்ண இப்ப யாரு தொடுறா? இங்கிட்டு கொண்டாந்து வச்சுட்டுப் போங்க. அழிச்சுட்டு எடத்த ஒங்க பக்கம் சேத்து விட்டுர்றேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் அழிக்கச் சொன்னனா?” என்றேன்.

பழுது பார்ப்பவருக்கு எங்கள் கதை தெரியும். உடனே பேச்சை மாற்றி, “உள்ள வட்டமா ஒரு பாட்டரி இருக்குங்க, அது தீந்து, எது மொதல்ல தெறக்கணும்ங்கிறது மறந்திருக்கும். அதை மாத்திட்டு, வரிசைய மாத்தி வைங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைவீதியில் கடிகாரக்கடை மட்டும் திறந்திருந்தது. வட்டமான பாட்டரியை வாங்கி வந்து, கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே நான்கு வருடத் தூசி. இதையெல்லாம் துடைப்பது அவர் வேலையாக இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். பழையதை நெம்பி எடுத்துப் புதியதை அழுத்தி வைத்தேன்.

வரிசையை மாற்றுவது அவ்வளவு லேசாக இல்லை. போட்டவுடன் ஒரு விசையை விடாமல் தட்டினால்தான் தேதியும் வரிசையும் இருக்கும் நீலத் திரைக்குள் போகமுடியும். மூன்று முறை தவறவிட்டேன். நான்காவது முறை உள்ளே போய்த் தேதியைத் திருத்தினேன். துவங்கும் வரிசையில் இரண்டு பெயர்கள் இருந்தன. விண்டோஸ் மேலே, லினக்ஸ் கீழே. எந்த முதல் வரிக்காகக் கத்தினேனோ அது சும்மா கிடைத்திருக்கிறது. அதை என் கையாலேயே கீழே இறக்கி, அவர் பெயரை மேலே ஏற்றினேன். சேமிக்காமல் வெளியே வந்து தொலைத்து, மறுபடி உள்ளே போய் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் கோப்பு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கடவுச்சொல் தெரியாது, உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. அந்தத் தொண்ணூறுதான் வேண்டும். இந்த வீட்டில் எனக்காகக் காத்திருக்க வேறு எதுவும் இல்லை. அதுவும் போய்விடுமோ என்று அன்று மத்தியானம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அடுப்பில் பாலை வைத்தேன். அது லேசாக நுரை கட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, முன்னறைக்கு வந்து கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் திரும்பிப் போனேன். பால் பொங்கியது. இறக்கினேன், டிகாக்‌ஷனில் ஊற்றினேன், சர்க்கரை போட்டேன், ஒருதரம் ஆற்றினேன். டம்ளரோடு வந்து பார்த்தேன்.

நான்கு வரிகள் இருந்தன. அடியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினொன்று பாக்கி.

அழுகை வந்தது. கீழ் அம்புக்குறியைத் தட்டினேன். ஒரு விசை பட்டால் போதும், எண்ணிக்கை நின்றுவிடும். அதன்பிறகு நாமாகத் திறக்கும்வரை அது அப்படியே இருக்கும். காப்பி முழுவதையும் அதன் முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தேன்.