தானாக முளைத்த பாகல்

மலாய் நாட்டு அவசரகாலத்தைப் பற்றிய புத்தகங்களில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் வாங்கிப் படித்து வைத்திருக்கிறேன். அரிசிக் கட்டுப்பாடு எப்போது வந்தது, முள்கம்பி எப்போது வந்தது, ஆற்றோரத்துச் சீனர்களை எப்போது லாரியில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பாகல் கொடி பிடுங்கப்பட்டது எதிலும் இல்லை. இருக்காதுதான். எழுதியவர்களில் யாரும் அந்தக் கொடிக்காக அறை வாங்கியவர்கள் இல்லை. நான் வாங்கினேன்.

எந்த ஆண்டு என்பதை முதலில் தீர்த்துவிடுகிறேன். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948 ஜூன். அப்போது நான் பள்ளியில் சேரவில்லை. இங்கிலாந்து ராஜா இறந்துவிட்டார் என்று வாத்தியார் வகுப்பில் சொன்னது 1952 பிப்ரவரி; அன்று நான் அத்தையோடு பேசாமல் இருந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஆகவே 1951இன் கடைசி என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா இதை ஒப்புக்கொண்டதே இல்லை. அவள் கணக்கில் அது இன்னும் ஒரு வருடம் பின்னால்.

எங்கள் ரப்பர் தோட்டம் பாடாங் செராயிலிருந்து கரங்கான் போகும் பக்கம் இருந்தது. அத்தை, அப்பாவின் அக்கா. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போன மாமா திரும்பி வரவில்லை. பிள்ளைகளும் இல்லை. எங்களோடுதான் இருந்தாள், அப்பா அம்மாவைப் போலவே மரத்தில் பால் வெட்டினாள், மிச்சப் பொழுதில் சண்டை போட்டாள். தான் செய்த எதைப் பற்றியும் பத்துப் பேரிடம் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுக்கக் கேட்கும்.

அத்தையின் பாகல் கதையும் சண்டையில்தான் தொடங்கியது. தோட்டத்து எல்லையில் ஓடிய சிற்றாற்றுக்கு அக்கரையில் ஒரு சீன அம்மா காய்கறி போட்டிருந்தாள். அவள் பாகல் முழங்கை நீளம், வெளிர்ப் பச்சை, கசப்பு பேருக்குத்தான். நாங்கள் போட்ட பாகல் கட்டைவிரல் அளவு, கரும்பச்சை, மேலெல்லாம் முள், வாயில் வைத்தால் காது வரை கசக்கும். இரண்டு பேரும் ஆற்றின் இரு கரையிலும் நின்று, சந்தை மலாயில் ஒருவர் காயை ஒருவர் பழித்துக்கொள்வார்கள்.

“லு புஞ்ஞா கெச்சில், மாச்சம் தீகுஸ்,” என்பாள் அந்த அம்மா. உன்னுடையது எலி மாதிரி இருக்கிறது என்று அர்த்தம்.

“ஒன்னோடது ஆயிர். சும்மா ஆயிர்,” என்பாள் அத்தை. வெறும் தண்ணீர்.

ஆனால் மழை மாதங்களில் அந்த நீளக் காய்களில் ஈ முட்டை வைத்து, புழு விழுந்து, பாதிக்கு மேல் கொடியிலேயே அழுகிப் போகும். எங்கள் எலிக்காயை ஈ அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரு நாள் அந்த அம்மா தன் அழுகல் காய்களைக் கூடையோடு ஆற்றில் கவிழ்த்துவிட்டு வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அன்று பழிக்கவில்லை. தண்ணீரில் இறங்கிப் போய்த் தன் விதையைக் கொடுத்துவிட்டு, அவள் விதையை வாங்கிக்கொண்டு வந்தாள். நீளம் அதனுடையது, தோல் நம்முடையது, அப்படி ஒரு காய் வேண்டும் என்றாள். அப்பா சிரித்தார்.

சாயங்காலத்தில், மறுநாள் விரியப் போகும் பூக்களை நூலால் கட்டிவிடுவோம், தேனீ முந்திக்கொள்ளாமல் இருக்க. விடிந்ததும் சீனக் கொடியின் ஆண் பூவைக் கிள்ளி, எங்கள் கொடியின் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டுவாள் அத்தை. நூல் பிடிப்பது என் வேலை. “சீனன் மாப்பிள்ளை, நம்ம பாவக்கா பொண்ணு. தாலி கட்டுடி,” என்பாள். நான் முடிச்சுப் போடுவேன். லயத்தில் எல்லாரும் அந்தக் கொடிக்குச் சீன மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மகள் இல்லாதவளுக்கு மருமகன் வந்துவிட்டான் என்று கேலி.

முதல் விளைச்சல் அவளுக்கு ஏமாற்றம். எல்லாக் கொடியிலும் ஒரே மாதிரி, இரண்டுக்கும் நடுவான காய். ஆனால் அந்தக் காய்களின் விதையைப் போட்டபோது ஒரே காயின் பிள்ளைகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் வந்தன. நெட்டை, குட்டை, வெளிறல், கறுப்பு, முள்ளுள்ளது, மொழுக்கென்றது. இதை ஒரு பாதிரியார் பட்டாணிச் செடியை வைத்துக் கணக்காகவே எழுதிவிட்டார் என்று நான் பின்னாளில் படித்தேன். அத்தைக்குக் கணக்கு கிடையாது. பிடிக்காததைப் பிடுங்கி எறிவாள். இலை அழகாக இல்லை என்று நல்ல காய் காய்த்த கொடியைக்கூடப் பிடுங்கிவிட்டு, மூன்று நாள் கழித்து அதற்காக அப்பாவைத் திட்டினாள்.

இதற்கிடையில் டாருராட் எங்கள் பக்கம் முற்றியது. அவசரகாலத்தை எல்லாரும் அந்த மலாய்ச் சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்த சீனக் குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பாடாங் செராய் பக்கத்தில் புதுக்கிராமம் என்று ஒரு கம்பிக்குள் வைத்தார்கள். அந்த அம்மாவின் மூத்த மகன் அந்த லாரியில் ஏறவில்லை, காட்டுக்குள் போய்விட்டான் என்று லயத்தில் பேச்சு. என் காதில் அது ஒரு கதையாகத்தான் விழுந்தது.

மாப்பிள்ளை மட்டும் வளர்ந்தான். பல தலைமுறை கழித்து ஒரே ஒரு கொடி அத்தை நினைத்த காயைக் காய்த்தது. முழங்கைக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கரும்பச்சை, நெருக்கமான முள். அந்த மழையிலும் ஈ அதைத் தொடவில்லை. அத்தை இரண்டு காயை விதைக்கு விட்டிருந்தாள். அவை பழுத்து மஞ்சளாகி வெடிக்க வேண்டும். பச்சையில் பறித்தால் விதை வெறும் சவ்வு. பந்தலில் இடம் போதாமல் கொடி முள்கம்பியிலும் ஏறிப் படர்ந்திருந்தது. அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியில் கொஞ்சத்தையும் அதற்கு ஊற்றுவாள்.

ஒரு மத்தியானம், வெட்டு முடிந்து எல்லாரும் வாசலில் சோதனைக்கு நிற்கும்போது, அப்பா வரிசையின் பின்னாலிருந்து உரக்கக் கேட்டார்.

“என்னக்கா, ஒன் சீன மாப்பிள்ளைக்கு இன்னிக்கு சோத்துத் தண்ணி ஊத்தியாச்சா?”

“ஊத்தாம? ஒன்ன மாதிரி வெட்டிப்பயலா அவன்?”

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற காவலன் ஒரு மலாய்ப் பையன். டவுனில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். சோறு, தண்ணி, சீனன், மாப்பிள்ளை என்ற அளவுக்குத் தமிழ் தெரியும். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதோடு எங்கள் வீட்டு ஆட்களை மட்டும் வெட்டுக்கு விடாமல் திருப்பிவிட்டார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், நான்கைந்து காவலர்கள், மொழிபெயர்க்கத் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி. பாயைப் புரட்டினார்கள். பரணில் விளக்கடித்துப் பார்த்தார்கள். லயமே வெளியே வந்து நின்றது.

“சீனன் யாரு ஒன் வீட்டுல?” என்றார் கிராணி.

“என் வீட்டுல எனக்கே காலு நீட்ட எடமில்லிங்க. சீனன எங்க படுக்க வெக்கிறது?”

“ஒன் மாப்பிள்ளைக்குச் சோறு போடுறேன்னு ஒன் தம்பியே வாசல்ல சொல்லியிருக்கான்.”

அப்பா முன்னால் வந்தார். “ஐயா, அது பாவக்காய்ங்க.”

“என்னது?”

“மாப்பிள்ளைங்க. பாவக்காய்ங்க.”

பின்புறம் கூட்டிப் போய்க் காட்டினார்கள். கிராணி ஆங்கிலத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். காவலர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, கம்பியில் கிடந்த ஒரு காயைக் கையில் ஏந்திப் பார்த்தபடி ஏதோ கேட்டார்.

“சரி. இது சீன விதைன்னா, எந்தச் சீனன் குடுத்தான்?” என்றார் கிராணி. “எப்பக் குடுத்தான்? கம்பி போட்டதுக்கு முன்னவா, பின்னவா?”

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் அவள். ஆற்றில் இறங்கியதிலிருந்து ஆரம்பித்து, எந்தப் பூ எந்தக் காய் என்று ஒன்று விடாமல் சொல்வாள், என் நூலைப் பற்றியும் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“யாரும் குடுக்கலிங்க,” என்றாள் அத்தை. “தானா மொளைச்சது. குருவி போட்டிருக்கும்.”

லயத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சீன அம்மாவைத் தெரியும். பாதிப் பேர் அவளிடம் கீரை வாங்கியவர்கள். ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயெடுக்குமுன் அம்மா என் தோளில் நகம் பதியக் கிள்ளினாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பூவைத் தொட்டுக் காட்டினார். அதில் முந்தின நாள் சாயங்காலம் நான் போட்ட முடிச்சு இருந்தது.

“தானா மொளைச்சதுக்கு நூல் யாரு கட்டினா?” என்றார் கிராணி.

அத்தை திரும்பினாள். “இந்தக் கழுதைதாங்க. வேற வேலை என்ன இதுக்கு, வெளையாட்டு.” சொல்லி வாய் மூடுமுன் என் கன்னத்தில் விழுந்தது அறை. விளையாட்டு அறை இல்லை. கண்ணுக்குள் பொறி பறந்தது. “ஒன்ன எத்தனவாட்டி சொல்லிருக்கேன், கண்ட செடிலயும் கை வெக்காதன்னு.”

காவலர்கள் மறுபடி சிரித்தார்கள். கம்பியை மறைத்து எந்தக் கொடியும் இருக்கக் கூடாது, வெட்டிவிட வேண்டும் என்று கிராணி சொன்னார். ஒரு காவலன் கத்தியை எடுத்தான். அத்தை அவனுக்கு வேலை வைக்கவில்லை. தானே குனிந்து, அடியைப் பிடித்து, வேரோடு இழுத்தாள். கம்பியில் மாட்டிய கொடியை உருவும்போது முள்ளில் கை கிழிந்து ரத்தம் வந்தது. விதைக்கு விட்ட இரண்டு காயும் தரையில் விழுந்தன. ஒன்றன் நுனியில் மட்டும் மஞ்சள் ஓடத் தொடங்கியிருந்தது.

அவர்கள் போன பிறகு அவள் அழுவாள், அல்லது அப்பாவோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த பழைய விதைகளை எடுத்தாள். நெட்டைக்கு ஒரு முடிச்சு, கறுப்புக்கு ஒரு முடிச்சு என்று பிரித்து வைத்தவை. எது எது என்று எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். அவை படபடவென்று பொரிந்தன.

அப்போதுதான் எனக்கு அவள்மேல் வெறுப்பே வந்தது. நான் பேசுவதை நிறுத்தினேன். சோறு போட்டால் அம்மா கையால்தான் வாங்கினேன். “என்னடி, மாப்பிள்ளை செத்த துக்கமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். நான் எழுந்து போய்விட்டேன். பயந்தாங்கொள்ளி, பொய்க்காரி, வெள்ளைக்காரன் முன்னால் நல்ல பெயர் வாங்க என்னை அடித்தவள் என்று மனதுக்குள் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆள்தான் மாறிவிட்டது. ஒரு காயை யார் தந்தார்கள் என்று சொன்னால் ஒரு குடும்பமே சிறைக்கோ நாடு கடத்தும் கப்பலுக்கோ போகும் என்ற நிலையைச் சட்டமாக எழுதியவர்கள் மேல், அதைச் சிரித்துக்கொண்டே நடத்தியவர்கள் மேல், அவர்களுக்காக நல்ல தமிழில் கேள்வி கேட்ட கிராணி மேல். அவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை என்னை பாடாங் செராய் பசாருக்குக் கூட்டிப் போனாள். அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் வேறு வழியில்லாமல் போனேன். காய்கறி வரிசையில் அந்தச் சீன அம்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் ஓடப் பார்த்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவளைத் திரும்பிப் பாராமல் அந்த இடத்தைக் கடந்தாள். அந்த அம்மாவும் எங்களைத் தெரியாதவள்போல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவளிடம் விதை வாங்கியவள் இவளையே தெரியாது என்கிறாளே, இத்தனை நன்றி கெட்டவளா என் அத்தை என்று அன்று எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. அந்த அம்மா அங்கே, பட்டப்பகலில், தன் இடத்தில் உட்கார்ந்து காய் விற்றுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.