ஏ பிரிவின் பெஞ்சு

பஹ்ரைனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பிலிப்பினோப் பெண் ஏறினாள். தோளில் நீளமான பை. அதன் ஜிப் முழுதாக மூடாமல் ஒரு மட்டையின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் மட்டை இல்லை, உருளையானது.

"சாஃப்ட்பாலா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வாரத்தில் கணவரையும் மகளையும் தவிர வேறொருவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். சுடிதார், இடுப்பில் குழந்தை, கையில் ரொட்டி வாங்கப் போகும் பை.

"உனக்குத் தெரியுமா?"

"காலேஜ்ல ஆடியிருக்கேன்."

"எந்த இடம்?"

"மூணாவது பேஸ்."

சாஃப்ட்பாலில் பந்தை அடித்தவள் ஓடி வரிசையாகத் தொட வேண்டிய மூலைகளுக்கு பேஸ் என்று பேர்; மூன்றாவதைக் காப்பது என் வேலையாக இருந்தது. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. அவள் இறங்காமல் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றாள். "எங்க மூணாவது பேஸ்காரி கல்யாணம் பண்ணிக்கிட்டு மணிலாவுக்குப் போயிட்டா. அடுத்த வெள்ளிக்கிழமை வா, மம்மி."

குழந்தை வைத்திருக்கும் எந்தப் பெண்ணையும் அவர்கள் மம்மி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது யாரோ என்னை உரிமையோடு கூப்பிட்டது போலிருந்தது. அவள் ஈசா டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேஷன் பிரிவில் இருந்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. நான் பேசாமல் இருப்பதால்தான் அவளுக்கும் பேச்சு வரவில்லை என்று எனக்குள் ஒரு பயம். அதனால் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாகப் பேசுவேன். இது வெங்காயம், இது கத்தி, அம்மா வெங்காயம் நறுக்குகிறாள். எனக்கே அது ரேடியோவில் செய்தி வாசிப்பது போலக் கேட்கும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளோடு பழகவிடுங்கள், தானாகப் பேசுவாள் என்றார் டாக்டர். பிள்ளைகளுக்கு நான் எங்கே போவது?

ஆகவே கணவரிடம் மகளின் பேரைச் சொல்லித்தான் அனுமதி கேட்டேன். "ஏனுங்க, அங்க புள்ளைங்க நிறைய வருவாங்களாம். இவளுக்கு நல்லதுங்க."

"நீ ஆடுவியா?"

"கூப்புட்டா ஆடறேனுங்க."

அவர் சிரித்தார். "கோயமுத்தூர்ல இருந்து இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தனா?" ஆனால் வெள்ளிக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

ஊருக்குப் போன் பண்ணியபோது அம்மாவிடமும் சொன்னேன். "உன்ற புள்ளைய ஆருகிட்ட உட்டுப்போட்டு நீ பந்தடிக்கப் போற?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வாரம் முழுவதும் என்னோடு இருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளுமா, பந்து வந்து குழந்தைமேல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் பாட்டில்களை எடுத்துவைத்தேன்.

மைதானம் இறுகிய மணல். நடுவில் ஒரு கம்பிவேலி. இந்தப் பக்கம் பி பிரிவு, அந்தப் பக்கம் ஏ பிரிவு. பி பிரிவில் நர்சுகள், சலூனில் வேலை செய்பவர்கள், சில கோவாக்காரப் பெண்கள், ஒரு இலங்கைப் பெண். ஏ பிரிவில் பெரும்பாலும் அமெரிக்கப் பெண்கள். பள்ளி ஆசிரியைகள், அதிகாரிகளின் மனைவிகள். எல்லோரும் அவரவர் கல்லூரிகளில் ஆடியவர்கள்.

முதல் நாள் என் கையிலிருந்து கிளம்பிய பந்து முதல் பேஸ்காரியின் தலைக்கு மேல் பறந்து வேலியில் மோதியது. எல்லோரும் சிரித்தார்கள். "மம்மிக்குக் கை இருக்கு, கண்ணுதான் மாஃபி," என்றாள் லிஃப்டில் பார்த்த நர்ஸ். இல்லை என்பதற்கு அங்கே எல்லோருக்கும் அந்த அரபிச் சொல்தான். நானும் சிரித்தேன். இரண்டு மூன்று வாரத்தில் கண்ணும் வந்துவிட்டது. பி பிரிவில் பந்து தாழ்ந்து வந்தால் நெஞ்சால் தடுத்து, கீழே விழுந்ததை எடுத்து, ஓடுபவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்து, அதற்குப் பிறகு முதல் பேஸுக்கு எறிந்தாலும், அவளுக்கு முன் பந்து போய்ச் சேர்ந்து அவள் அவுட் ஆவாள். தப்பு செய்ய அங்கே நேரம் இருந்தது. மகள் நிழலில் விரித்த பாயில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் தட்டில் நூடுல்ஸ் வரும். வெள்ளிக்கிழமை அன்று மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்; அவ்வளவு பேசியிருப்பேன்.

எங்கள் ஆட்டங்களுக்கு ஏ பிரிவினர்தான் அம்பயராக வருவார்கள். அது அங்கே வழக்கம். அப்படி வந்தவள்தான் ஏ பிரிவு அணி ஒன்றின் கேப்டன். உயரமான அமெரிக்கப் பெண், பள்ளி ஆசிரியை. ஒருநாள் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்று, எங்கே ஆடினாய் என்று கேட்டாள்.

எங்கள் முறையைச் சொன்னேன். ஊரில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் அணி, கல்லூரிகளுக்குள் போட்டி, அதிலிருந்து பொறுக்கி எடுத்து யூனிவர்சிட்டி அணி. எங்கள் கல்லூரி முதல் சுற்றிலேயே தோற்கும். எங்களைத் தோற்கடித்தவர்கள் அடுத்த சுற்றில் தோற்பார்கள். யூனிவர்சிட்டிக்காக ஆடிய பெண்களை நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"நீங்க?" என்றேன்.

"மூன்றாம் பிரிவு," என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. தேர்வில் மூன்றாம் வகுப்பு வாங்கியவர்கள் எங்கள் ஊரில் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பேச்சை மாற்றலாம் என்று பார்த்தேன். அவளோ சாதாரணமாகத் தொடர்ந்தாள். அவர்கள் நாட்டில் கல்லூரிகளே மூன்று பிரிவாம். முதல் பிரிவில் ஆடவருபவள் ஒவ்வொருத்தியும் தன் ஊரிலேயே சிறந்தவள். படிப்புச் செலவைக்கூடக் கல்லூரி ஏற்கும். விடியும் முன்பே பயிற்சி. மூன்றாம் பிரிவில் ஆடுவதற்கென்று ஒரு காசும் கிடையாது. படிக்க வந்தவர்கள் ஆடுகிறார்கள்.

"ஆனா மூன்றாம் பிரிவின் நல்ல அணி முதல் பிரிவின் மோசமான அணியோட நின்னு ஆடும். பந்து போடுறவங்களைத் தவிர. அங்கதான் வித்தியாசம் தெரியும். முதல் பிரிவிலிருந்தும் ஒரு கல்லூரி என்னைக் கூப்பிட்டது. போயிருந்தா நாலு வருஷமும் பெஞ்சுல உட்கார்ந்திருக்கறதுதான். எனக்கு ஆடணும்னு இருந்தது."

தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். மேலே இடம் கிடைத்தும் கீழே போனேன் என்று ஒருவர் சொன்னால் நம்புவதற்கு என் படிப்பில் இடமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ரேங்க் பார்த்து வளர்ந்தவள் நான்.

சில வாரம் கழித்து அவளே வந்தாள். அவர்கள் அணியில் ஒருத்தி முட்டியைத் திருப்பிக்கொண்டுவிட்டாளாம். "எங்ககிட்ட வர்றியா? ஆட்டம் எப்பவும் கிடைக்கும்னு சொல்லமாட்டேன். அப்புறம், மேலே பேர் கொடுத்துட்டா சீசன் முடியறவரை கீழே ஆட முடியாது. அது ரூல். யோசிச்சுச் சொல்லு." நன்றாக ஆடுகிறவர்கள் கீழே இறங்கி வந்து அடித்து நொறுக்காமல் இருக்க அந்த ரூல்.

நர்சிடம் கேட்டேன். பையில் கிளவுஸ்களைத் திணித்துக்கொண்டே, "நீ போனா எனக்கு மூணாவது பேஸ் மாஃபி. இருந்தாலும் உன் இஷ்டம், மம்மி," என்றாள். இரு என்று அவள் சொல்லியிருந்தால் இருந்திருப்பேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் சொல்லவில்லை. நானும் அவளைச் சொல்லவைக்கவில்லை.

கணவருக்குச் சந்தேகமே வரவில்லை. "மேல கூப்புடறாங்கன்னா போக வேண்டியதுதான? இதுல என்ன யோசனை? எனக்கு சீனியர் போஸ்ட் குடுத்தா வேண்டாம்னா சொல்லுவேன்?"

"இல்லீங்க, இங்க பழகிட்டனுங்க."

"அங்கயும் பழகிக்குவ."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டாம் என்று சொன்னால் பயந்துவிட்டேன் என்று ஆகும். பேர் கொடுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேறு விளையாட்டு. பந்து போடுபவளின் கை இடுப்பருகே ஒரு சுழற்சி; அவ்வளவுதான் பார்ப்பேன். அதற்குள் பந்து எனக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையில் சத்தமாக விழுந்திருக்கும். கல்லூரியில் நான் அடித்த பந்துகள் எல்லாம் எனக்காக வழியில் காத்திருந்தவை என்று தோன்றியது. எறிவதில் நான் அவர்களுக்கு அதிகம் குறைந்தவளில்லை. எனக்குப் போதாமல் போனது நேரம். மட்டையில் பந்து படுவதற்கு முன்பே அவர்கள் அது வரப்போகும் பக்கம் முதல் அடியை எடுத்துவைத்துவிடுவார்கள். நான் பட்ட பிறகு எடுத்துவைப்பேன். அந்த ஓர் அடியை எங்கே கற்றுக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தைக் கைவிட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒன்றும் சொல்லவும் மாட்டார்கள். "பரவாயில்லை" என்பார்கள், மரியாதையாக.

அதனால் பெஞ்சு. இரும்புப் பெஞ்சு, வெயிலில் காய்ந்து சுடும். துண்டை மடித்துப் போட்டு உட்கார்வேன். அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் பி பிரிவு முழுதாகத் தெரியும். மூன்றாவது பேஸில் சலூன் பெண் ஒருத்தி நின்றாள். மகள் வாரந்தோறும் வேலியில் இருந்த இடைவெளி வழியாக நுழைந்து அந்தப் பாய்க்கே போய்விடுவாள். நான் தடுக்கவில்லை. இங்கே அவளுக்கு யாருமில்லை.

ஒருநாள் நர்ஸ் வேலியருகே வந்து கூப்பிட்டாள். "மம்மி, உன் பொண்ணு பேசறா. யல்லா யல்லான்னு எங்க எல்லாரையும் விரட்டறா."

யல்லா என்றால் சீக்கிரம் வா. நான் ஓடிப்போய்க் குனிந்து, "சொல்லு கண்ணு, யல்லா சொல்லு," என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். சொல்லவில்லை. எங்கள் கேப்டன் கூப்பிடுவது கேட்டது, பெஞ்சுக்குத் திரும்பினேன். அன்று கூப்பிட்டது ஹெல்மெட்டுகளை எடுத்துவைக்கத்தான்.

நான் ஆடுவதில்லை என்பதைக் கணவரிடம் சொல்லவில்லை. எங்களை இறக்கிவிட்டுப் போனால் ஆட்டம் முடிந்த பிறகுதான் வருவார். என் உடையில் மண் இல்லாததை அவர் கவனிக்கவில்லை. ஆபீசில் "என்ற வொய்ஃபு ஏ டிவிஷன்ல ஆடறா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சீசன் முடிவதற்குச் சில வாரம் முன்பு, ஆபீஸ் நண்பர் ஒருவரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆட்டத்தின் பாதியிலேயே வந்து நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

கேப்டன் இதைப் பார்த்திருக்க வேண்டும். கடைசி இன்னிங்ஸில், "போ, மூணாவது பேஸ்," என்றாள்.

அவள் எனக்காகத் தன் ஆட்டத்தில் ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கிறாள் என்பது புரிந்தது. போய் நின்றேன். இரண்டு பேர் அவுட் ஆனார்கள். என் பக்கம் ஒன்றும் வரவில்லை. அடுத்து வந்தவள் அடித்த பந்து தரையோடு உரசிக்கொண்டு என் இடப்பக்கமாக வந்தது. பாய்ந்தேன். பிடித்தேன். எழுந்து, பார்க்காமல், அவர்களைப் போலவே எறிந்தேன். நேராகப் போனது. என் வாழ்க்கையில் நான் எறிந்த நல்ல எறிகளில் ஒன்று அது. ஓடியவள் அதற்குள் முதல் பேஸைத் தாண்டியிருந்தாள்.

பி பிரிவில் அது நிச்சயம் அவுட். இங்கே ஓர் அடி தாமதம். முதல் பேஸ்காரி பந்தைத் திருப்பி எறிந்தாள். அடுத்தவள் வானத்தில் அடித்த பந்தை வேறொருத்தி பிடித்தாள், ஆட்டம் முடிந்தது.

நண்பரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க அப்படி விழுந்து புடிச்சீங்க?" என்றாள். கணவர் முகத்தில் பெருமை. மகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "சூப்பரா எறிஞ்ச," என்றார்.

"லேட்டுங்க."

"என்ன லேட்டு? நேரா அவ கையிலதான போய் விழுந்துச்சு?"

அந்த ஓர் அடியை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கணக்கு என்றால் வரைந்து காட்டியிருப்பேன். அவர் நல்லவர். எனக்காகத்தான் அவர்களைக் கூட்டிவந்தார். பாராட்டைத் திருப்பிக் கொடுப்பது போலாகிவிடுமோ என்று தயங்கினேன். சிக்னலில் கார் நின்றது.

"ஏனுங்க, அடுத்த சீசன் நான் பி-யிலயே ஆடறேனுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன், டீம்ல இருந்து எடுத்துட்டாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான்."

"நானாத்தான்னா?"

"இங்க நான் ஆடறதே இல்லீங்க. இன்னிக்குத்தான் எறக்குனாங்க. உக்காந்துட்டுத்தான் இருக்கறேன்."

"இத்தன வாரமாவா?"

"ஆமாங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "ஆபீஸ்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேனே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. சிக்னல் எப்போதோ மாறியிருந்தது.