முதல் ஆயிரம் கிலோமீட்டர்

கார் என்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்தது. நீச்சலையும் அப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறேன். அதனால் குளத்துப் பக்கம் போவதில்லை. என்ஜின் விஷயத்திலும் அந்த அடக்கம் எனக்கு இருந்திருக்கலாம்.

என் நண்பர் அரசு பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓட்டினார். அதில் பதினோரு வருடம் நான் அவருடைய பயணி. எனக்கு வீடு திண்டிவனம், ஆபீஸ் விழுப்புரம். என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு போவேன். "இன்னா சார், இன்னிக்கு எத்தினியாவது பக்கத்துல கொலை?" என்பார். நான் படித்தது பெரும்பாலும் தத்துவம். அதைச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று, ஏதாவது ஒரு பக்கத்தில் ஒருவனைக் கொன்று கொடுத்துவிடுவேன். அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். இரண்டு பேரும் கடைசிவரை அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பஸ்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி மாட்டியிருப்பார்கள். எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது. "மூக்கணாங்கயிறு போட்ட மாடு சார் இது. இதே ரோட்ல ஒரு தபா, ஒரே ஒரு தபா, முழுசா மிதிச்சிப் பாக்கணும்."

திடீரென்று ஒருநாள் விருப்ப ஓய்வு வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "முதுகு வலி சார்" என்றார். அந்த மாதமே ஒரு பழைய எண்ணூறு சிசி காரை வாங்கி, மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். வேகமாகப் போகிற மாதிரி அதைச் செய்து தரவேண்டும். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம். அதை வைத்து இரண்டு வேலையில் ஒன்றுதான் செய்ய முடியும்.

ஒன்று, வெளி வேலை. பெரிய கார்பரேட்டர் ஒன்று, புகை தடையில்லாமல் போகிற சைலன்சர் ஒன்று. மாட்டுவதற்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் பறக்கலாம். இன்னொன்று, உள் வேலை. சிலிண்டரைப் போரிங் செய்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போடுவது. என்ஜினுக்குப் பலம் கூடும். ஆனால் புது ரிங் சிலிண்டரோடு பழகும்வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அடக்கித்தான் ஓட்ட வேண்டும்.

"கார்பரேட்டரே போட்டுக்கலாம் சார். ஜல்தியா முடிஞ்சிரும்" என்றார் நண்பர்.

நான் விடவில்லை. "சுவரு இடிஞ்சு கெடக்கு, வாசலுக்குத் தோரணம் வாங்கலாங்கறீங்களே சார்" என்று ஆரம்பித்து, அழுத்தம், உராய்வு, உலோகத்தின் குணம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பேச்சை இன்றைக்கும் வரிக்கு வரி ஒப்பிக்க முடியும். ஒப்பித்துக்கொண்டும் இருக்கிறேன், யாரும் கேட்காமல்.

மெக்கானிக் ஸ்பானரைத் தரையில் தட்டினார். "ரெண்டு வேலையும் நல்ல வேலைதான். யாராச்சும் ஒரு சாரு முடிவு பண்ணுங்க. எனக்கு அந்தாண்ட நாலு வண்டி நிக்கிது."

நண்பர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, படிச்சவரு சொல்றாரு. உள்ளயே பண்ணிடுப்பா" என்றார். ஒரு விவாதத்தில் நான் ஜெயித்தது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

விழுப்புரத்தில் கடை கடையாய் ஏறி ரிங்கும் பிஸ்டனும் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் விலையை மட்டும் பார்த்தார்; நான் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நகையைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். தையல் மெஷின் மாதிரி ஓடியது.

மறு வாரம் நண்பர் சொன்னார். "வாராவாரம் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார். என்னிய வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க ஓட்டுறீங்களா?"

"என்ன சார் உடம்புக்கு?"

"கல்லீரலு. கொஞ்சம் முத்திப்போச்சாம்."

"எப்ப தெரிஞ்சுது?"

"பஸ்ஸை விடும்போதே தெரியும்."

அவர் ஜல்தி என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் போனோம். போக நாற்பது, வர நாற்பது. அவர் இடது பக்கம், நான் ஸ்டியரிங்கில். பின்கண்ணாடியில் "புது என்ஜின், முந்திச் செல்லவும்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஊரே அதற்குக் கீழ்ப்படிந்தது. லாரி முந்தியது, மல்லாட்டை மூட்டை ஏற்றிய குட்டியானை வேன் முந்தியது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் கரும்பு டிராக்டர் ஒன்று எங்களை முந்தியபோது, அதன் டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

"சார், அந்தாளு நம்மள சாவு வண்டின்னு நெனச்சிட்டான்" என்று நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வேக மீட்டரைப் பார்த்தேன். முள் ஐம்பதிலேயே நின்றது. ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்கிறோம் என்ற நிம்மதி வேறு.

அவர் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: ஆயிரம் ஆகிவிட்டால் மிதிக்கலாம். நானூறு, அறுநூறு, எண்ணூறு. வேறொரு கணக்கும் கூடவே ஓடுவது தெரியும். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது செவ்வாய், திரும்பி வரும்போது. மயிலம் போகிற கூட்ரோடு தாண்டியதும் ரோடு காலியாக, நேராகக் கிடந்தது. அவருடைய வலது கால் தரை விரிப்பை மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"சார், ஒரே ஒரு தபா மிதிங்க சார்."

"இன்னும் நூத்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு சார்."

"அதுக்கு ரெண்டு வாரம் ஆவும்."

"ரெண்டு வாரம்தானே சார். இவ்வளவு நாள் காப்பாத்திட்டோம். இப்ப போயி கெடுத்துக்கணுமா?"

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அதுவும் சரிதான் சார்" என்றார். அப்புறம், "இன்னிக்கு எத்தினியாவது பக்கம் சார்?" என்று கேட்டார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அவருடைய மனைவி சாவியைக் கொடுத்து, "எனக்கு இதப் பாக்க முடியலண்ணே. ஷெட்லயே விட்டுடுங்க, யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்" என்றார். கொண்டுபோனேன். மெக்கானிக் வேறொரு வண்டியின் ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"எண்ணூத்தி அம்பதுல ஒருதரம் முழுசா மிதிச்சிருந்தா ரிங்கு போயிருக்குமா?"

"ஒண்ணும் ஆயிருக்காது சார். அப்பப்ப கொஞ்சம் மிதிச்சி மிதிச்சி விட்டாத்தான் ரிங்கே நல்லா உக்காரும். ஒரே மாதிரி உருட்டிக்கினு இருக்கக் கூடாது." துணியில் கையைத் துடைத்தார். "டிரைவர் சாருக்குத் தெரியாததா? டிப்போவுல எத்தினி புது என்ஜினை ஓட்டிப் பழக்கியிருப்பாரு. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

நான் அங்கேயே நின்றதைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "வாங்க சார், ஒரு ட்ரையல் பாத்துடலாம்" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் இடது பக்கம் ஏறினேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய்த் திரும்பினோம். ரோடு காலியானதும் அவர் மிதித்தார்.

என் முதுகு சீட்டோடு ஒட்டியது. புளியமரங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. ஒரு உதறல் இல்லை, ஒரு தட்டல் இல்லை. வண்டி அவ்வளவு நன்றாகப் போனது.

"எப்படி சார் இருக்குது?" என்று கத்தினார்.

"போதும், நிறுத்துங்க" என்றேன்.